கற்ற குரலும் பூட்டிய கதவும்

பூட்டுக்குப் பெயர் பெற்றது நம் திண்டுக்கல். பூட்டுச் செய்யும் ஊரில் பிறந்த நமக்குப் பூட்டிய கதவுகளும் புதியன அல்ல. பள்ளிக் கதவு, கோயிற் கதவு, ஊர்க் கிணறு எனப் பலவற்றைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அதிகம் பேசாதது ஒன்றுண்டு. அது இசைக்கல்வியின் கதவு. நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அதனைப் பற்றிய சில வரலாற்றுச் செய்திகளை நம் இளைஞர்முன் வைக்க விழைகிறோம்.

ஜாஸ் என்னும் இசை அரண்மனையில் பிறந்ததன்று. அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. அடிமைகளாய் உழன்றோரின் வழித்தோன்றல்கள், தம் வயற்பாட்டையும் தேவாலயப் பாட்டையும் வாத்தியக் குழுக்களின் நடையையும் கலந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த இசை அது. ஆயினும் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையரே! படைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று.

1930களிலேயே பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் ஜாஸ் வாசித்தனர். அந்நகரில் 1945இல் பிறந்தவர் ஆஷா புத்லி. இளமையிலேயே இந்துஸ்தானி இசையை முறையாகக் கற்றார். மேலைநாட்டு ஆபரா இசையிலும் பயிற்சி பெற்றார். அமெரிக்க வானொலி ஒலிபரப்பின் வாயிலாக ஜாஸ் அவர் செவியை எட்டியது. ஜாஸ் பாடுவோர் எழுதி வைத்ததை மட்டும் பாடுவதில்லை. ஓர் இசைத் தொடரை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே கற்பனையால் விரித்துச் செல்வர். ஆலாபனை பழகிய ஒருவருக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

விமானப் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்த அவர், பின்னர் நியூயார்க் சென்றார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கல்வி தேடிச் சென்ற அதே மாநகரம்! அங்கு ஆர்னெட் கோல்மன் என்னும் கறுப்பினக் கலைஞர் 1971இல் பதிவு செய்த 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்ற இசைத்தட்டில் இரண்டு பாடல்களைப் பாடினார். கோல்மன் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்; மரபை மீறி வாசித்ததற்காக ஏளனங்களைத் தாங்கியவர். அடிமைகளின் வழித்தோன்றல் அமைத்த மெட்டை, இந்துஸ்தானி பயின்ற குரல் பாடியது. அவ்விரு பாடல்களாலேயே ஜாஸ் வரலாற்றில் ஆஷாவின் பெயர் இடம்பெற்றது.

அவர் அதனோடு நின்றுவிடவில்லை. 1973இல் தம் பெயரிலேயே தனி இசைத்தட்டு வெளியிட்டார். ஜாஸ், பாப், டிஸ்கோ எனப் பல துறைகளிலும் பாடினார். 1976இல் வெளிவந்த 'ஸ்பேஸ் டாக்' என்ற பாடலின் இசையை, இருபது ஆண்டுகளுக்குப் பின் கறுப்பின ராப் பாடகர்கள் எடுத்தாண்டனர். இடையில் மகனை வளர்ப்பதற்காக மேடையிலிருந்து விலகியிருந்தவர், 2024இல், எழுபத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பாடினார். ஒரு மரபை ஆழக் கற்றவர் எந்த மரபிலும் துணிந்து நுழையலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஆசிரியர் வீட்டு வாசலில் சாதி அவரைத் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டவர்களின் கதி என்ன?

அமெரிக்காவின் தென்பகுதியில், டிரையன் என்னும் சிற்றூரில், 1933இல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் நீனா சிமோன். அச்சிறுமியின் பியானோத் திறமையைக் கண்ட ஆசிரியையும் ஊராரும் நிதி திரட்டிப் படிக்க வைத்தனர். ஒரு கச்சேரியில் அவருடைய பெற்றோரை முன்வரிசையிலிருந்து பின்னுக்கு அனுப்பியபோது, அவர்களை மீண்டும் முன்னே அமர்த்தினாலன்றி வாசிக்கமாட்டேன் என்று மறுத்தார் அச்சிறுமி. 1951இல் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற இசைக்கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது. நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். வயிற்றுப் பிழைப்புக்காக மதுக்கூடத்தில் பியானோ வாசித்துப் பாடத் தொடங்கியவர், உலகறிந்த பாடகியானார். 2003இல், அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர், அதே கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. ஒரு கல்லூரி கதவை அடைத்தது. ஆனால் அந்தக் கதவு வரை அவரைக் கொண்டு சேர்த்தது ஓர் ஊரின் சிறு சிறு நன்கொடைகள் என்பதை நினைவிற் கொள்க.

நம்மிடம் இசை இல்லையா? பறை இருந்தது. சாவுக்கும் ஊழியத்துக்கும் அது கட்டாயமாக்கப்பட்டமையால், அதனைக் கீழே போடுவதே மானம் என்று நம் முன்னோர் பலர் போராடினர். அது நியாயமான போராட்டம். இன்றோ, நம் திண்டுக்கல்லிலேயே சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் நம் பெண்கள் தாமே விரும்பிப் பறையைக் கையில் எடுத்து மேடையேறுகின்றனர். அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கட்டாயத்தால் அடித்தது வேறு. கற்று அடிப்பது வேறு.

ஈண்டு நம் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வகுப்பில் மேசையைத் தட்டித் தாளமிட்ட மாணவர்களை நாம் பன்முறை வெளியே நிறுத்தியிருக்கிறோம். பாடம் கெடுகிறது என்பதே நம் கவலை. அந்த விரல்களுக்கும் ஒரு பாடம் தேவை என்று நமக்கு அன்று தோன்றவில்லை. பிறர் பூட்டிய கதவில் நாமும் ஒரு தாழ்ப்பாளைப் போட்டோம்.

ஆதலின் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் நடைபெறுகின்றன. அவற்றோடு வாரம் இருமுறை இசை வகுப்பும் நடைபெறட்டும். பறையும் கற்பிக்கப்படட்டும், சுரமும் கற்பிக்கப்படட்டும். கழகத்தால் படித்துப் பணியில் அமர்ந்தோர் ஆசிரியரின் ஊதியத்தைப் பகிர்ந்து ஏற்கட்டும். பாடகராவது அனைவருக்கும் கைகூடாது போகலாம். ஆனால் கற்க இடமில்லாமையால் ஒரு குரலும் நம் தெருவில் இனி அடங்கிப் போகலாகாது. பூட்டுச் செய்யும் ஊருக்குச் சாவி செய்யவும் தெரியும்.