எச்.ஐ.வி. பரிசோதனையும் சாளரக் காலமும்: மும்பை

எச்.ஐ.வி. உடலுக்குள் புகுந்த நாளுக்கும், பரிசோதனை அதைக் காட்டத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் சாளரக் காலம் எனப்படும். இக்காலத்தில் தொற்று இருக்கும், பிறருக்குப் பரவவும் செய்யும். ரிப்போர்ட்டில் மட்டும் ‘நான்-ரியாக்டிவ்’ என்றே வரும். ஆகவே, என்ன சோதனை, தொற்றியிருக்கலாம் எனச் சந்தேகிக்கும் சம்பவம் நடந்து எத்தனையாவது நாள் என்ற இரண்டும் தெரியாமல் எந்த முடிவையும் நம்பிவிட முடியாது.

பாதுகாப்பற்ற உறவோ ஊசிக் குத்தோ நேர்ந்தவர் பரிசோதனையைவிட முதலில் நினைக்க வேண்டியது மருந்தை. பெப் எனப்படும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். வெட்கத்தில் மூன்று நாளைக் கடத்திவிட்டால் அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.

கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். வகைச் சோதனை 10 முதல் 33 நாட்களில் தொற்றைக் காட்டும். நான்காம் தலைமுறைச் சோதனை பி24 என்ற கிருமிப் புரதத்தையும், உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது. சிரையில் எடுத்த ரத்தத்தை லேபில் பார்த்தால் 18 முதல் 45 நாட்கள். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனைக்கு 23 முதல் 90 நாட்கள் ஆகும். பழைய கிட்களுக்கு இன்னும் கூடுதல் நாள் பிடித்தது. “ஆறு மாதம் காத்திரு” என்ற பேச்சு அந்தக் காலத்தின் மிச்சம். பெப் மருந்து எடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அவர்கள் மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளையே பின்பற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் எடுக்கும் சோதனை வீண் அல்ல. ஆனால் அது சொல்வது சம்பவத்துக்கு முந்தைய நிலையை மட்டுமே. அந்தச் சீட்டை நற்சான்றாகப் பர்ஸில் வைத்துக்கொள்வது ஆபத்து. காய்ச்சலை வைத்து முடிவு கட்டுவதும் தவறு. தொற்று ஏற்பட்ட இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சலும் தடிப்பும் வரலாம், வராமலும் போகலாம்; மும்பை மழைக்காலத்தில் டெங்குவும் அதே உருவில்தான் வருகிறது.

விரல் நுனி ரத்தத்தைப் பார்க்கும் ரேபிட் கிட்டில் முதலில் பார்க்க வேண்டியது கன்ட்ரோல் கோடு. அது விழாவிட்டால் சோதனையே செல்லாது. சோதனைக் கோடும் விழுந்தால் ‘ரியாக்டிவ்’; நோய் உறுதி என்று அதற்குப் பொருளில்லை. இந்தியாவில் வயது வந்தோரில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்கே எச்.ஐ.வி. உள்ளது. 99.5 சதவீதம் துல்லியமான கிட்கூட, தொற்றில்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகக் காட்டிவிடும். உண்மையான இருவரையும் சேர்த்தால், ரியாக்டிவ் என வந்த ஏழு பேரில் ஐவருக்கு நோயே இருக்காது. இதனால்தான் வெவ்வேறு அடிப்படையில் இயங்கும் மூன்று சோதனைகளும் ரியாக்டிவ் ஆனால்தான் தொற்று உறுதி என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாக்கோ. ஒரே ஒரு ரியாக்டிவ் முடிவைப் பார்த்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்தக் கணக்கை அறிய வேண்டும்.

இந்தியாவில் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில்; டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. மும்பையில் எச்.ஐ.வி. பரிசோதனைப் பணியை நடத்துவது வடாலாவில் உள்ள மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்; மாட்டுங்காவாசிகளுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. தாராவித் தமிழர்களுக்கு அருகில் இருப்பது சயான் மருத்துவமனை. செம்பூர்க்காரர்கள் கோவண்டி சதாப்தி மருத்துவமனைக்குப் போகலாம். ஐ.சி.டி.சி. எனப்படும் அரசின் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் சோதனை இலவசம். ரத்தம் எடுக்கும் முன்னும் முடிவு வந்த பின்னும் ஆலோசகர் தனியே உட்கார்ந்து பேசுவார். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, ஒப்புதலின்றிச் சோதிப்பதற்கும் முடிவை வெளியே சொல்வதற்கும் பொதுவாகத் தடை உண்டு.

தொற்று உறுதியானால் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கும். இந்தியா இதை 2004 ஏப்ரலில் தொடங்கியபோது மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியே பரவுவதில்லை.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் பெயர் சொல்லாமலே 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.