பைக் வளைவில் வெளியே ஓடுதா? சஸ்பென்ஷனை உங்க எடைக்கு செட் பண்ணுங்க!

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருஷம் அதில் இருபதைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு இடது வளைவிலும் பைக் நான் நினைத்த லைனில் நிற்காமல், எதிர்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் எதிரே பஸ். டிரைவர் பிரேக் அடித்ததால் தப்பித்தேன். இத்தனைக்கும் டயர் புதுசு, ஸ்பீடும் பெரிதாக இல்லை.

கீழே இறங்கியதும், சேலத்தில் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் பைக்கை விட்டேன். ஏதாவது பார்ட் மாத்தச் சொல்லுவார் என்று நினைத்தால், என்னை சீட்டில் உட்காரச் சொன்னார். பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல தம்பி. கம்பெனில உங்க வெயிட்டைப் பார்த்தா செட் பண்ணி அனுப்புறாங்க?" என்றார். என் எடை 82 கிலோ. தோளில் ஒரு பை வேறு. பின்பக்கம் ஓவராக அமுங்கியதால் முன்பக்கம் லேசாகி, பைக் வெளியே ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அது இன்னும் அமுங்கும்.

எக்ஸாஸ்ட், ஸ்டிக்கர், டயர் என்று ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுகிறோம். ஆனால், டூல் கிட்டில் சும்மா கிடக்கும் அந்தக் கொக்கி ஸ்பேனரைத் தொட்டிருக்கிறீர்களா? நானும் தொட்டதில்லை.

முதலில் இதைப் பாருங்கள்

சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன், டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது செக் பண்ணுங்கள். ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, கோன் செட் லூஸாக இருக்கிறதா, செயின் தொய்வு சரியா என்றும் பார்த்துவிடுங்கள். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும், கீழே சொல்லப்போகும் எதுவும் வேலைக்கு ஆகாது.

ப்ரீலோடு: எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது

"ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் ஹார்டு ஆகிடும்" என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். நீங்கள் உட்கார்ந்ததும் பைக் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் ப்ரீலோடு மாற்றுகிறது. உட்கார்ந்ததும் அமுங்குகிற அந்த அளவுக்கு 'ஸாக்' என்று பெயர். ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு, மொத்த டிராவலில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இது இருக்கலாம். 120, 130 மி.மீ டிராவல் இருக்கும் பைக்கில் சுமார் 30 முதல் 40 மி.மீ. டிராக்கில் ஓட்டுபவர்கள் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பார்கள்.

அளப்பதற்கு ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். பின்பக்க ஆக்ஸிலுக்கு நேர் மேலே, பாடியில் ஒரு இடத்தில் டேப் ஒட்டி மார்க் பண்ணுங்கள். நண்பர் ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாலைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பப்போகும் நிலையில் ஆக்ஸிலிலிருந்து மார்க் வரை அளங்கள். படாக் ஸ்டாண்டு போட்டு அளக்காதீர்கள்; அது ஸ்விங் ஆர்மைத்தான் தூக்கும், சஸ்பென்ஷன் அமுங்கியே இருக்கும். நான் முதல் தடவை ஏமாந்தது இங்கேதான்!

அடுத்து ஹெல்மெட், ஜாக்கெட், பை என நீங்கள் எப்படிப் போவீர்களோ அப்படியே ஏறி உட்காருங்கள். இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க வேண்டும். மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸாக். என் பைக்கில் 51 மி.மீ வந்தது. ப்ரீலோடு இரண்டாவது ஸ்டெப்பில் இருந்தது. நான்காவதுக்கு ஏற்றியதும் 38-க்கு வந்துவிட்டது. செலவு, டீக்காசு.

முன்பக்கத்துக்கு, ஃபோர்க்கின் பளபள குழாயில் ஒரு கேபிள் டையை மாட்டுங்கள். ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்து, டையை ஆயில் சீல் வரை ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். டை எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ, அதுதான் முன்பக்க ஸாக். டையைக் கழற்றாமல் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். நீங்கள் பிரேக் பிடித்ததில் ஃபோர்க் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். கடைசி வரை போய் முட்டியிருந்தால் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆள் இல்லாமல் பைக் தன் எடையில் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். பின்பக்கம் 5 முதல் 10 மி.மீ வரை. நீங்கள் உட்காரும்போது ஸாக் சரியாக இருந்தும், ஆள் இல்லாதபோது துளிகூட அமுங்கவில்லை என்றால், உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் பத்தாது. ப்ரீலோடைத் திருகி பிரயோஜனம் இல்லை, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

க்ளிக், க்ளிக்: டேம்பிங்

எல்லா பைக்கிலும் இது கிடையாது. நின்ஜா 300-ல் பின்பக்க ப்ரீலோடு மட்டும் 5 ஸ்டெப். ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, 2021-ல் வந்த பில்ட் டு ஆர்டர் திட்டத்தில் டைனமிக் கிட் வாங்கினால், முன்னும் பின்னும் அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய சஸ்பென்ஷன் கிடைத்தது. உங்கள் பைக்கில் என்ன இருக்கிறது என்று ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள்.

ஸ்க்ரூ இருந்தால், முதல் வேலை எண்ணுவது. மெதுவாகக் கடிகாரச் சுற்றில் திருப்பி, முட்டும் வரை எத்தனை க்ளிக் என்று போனில் குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். முட்டியபிறகும் இறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும்.

அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக நிமிர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்டு. ஹேண்டில்பாரை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரே தடவை எழும்பி அடங்கினால் ஓகே. பந்து மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் ரீபவுண்டு பத்தவில்லை. சோம்பேறித்தனமாக மெதுவாக எழுந்தால் அதிகம். இந்த இரண்டாவதுதான் நம் ரோட்டில் ஆபத்து. வரிசையாகப் பள்ளம் வரும்போது, முதல் அடியிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த அடி விழும். சஸ்பென்ஷன் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் கட்டை மாதிரி ஆகிவிடும். "சஸ்பென்ஷன் ரொம்ப ஹார்டா இருக்கு" என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு உண்மையான பிரச்னை இதுதான்.

அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரஷன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற விழுகிற மாதிரி இருந்தால் ஒரு க்ளிக், இரண்டு க்ளிக் கூட்டுங்கள். சின்னப் பள்ளம்கூட மணிக்கட்டில் அடித்தால் குறையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். அதே ரோட்டில், அதே ஸ்பீடில் ஓட்டிப் பாருங்கள். நாலு ஸ்க்ரூவையும் ஒரே நாளில் திருகினால், எது நல்லது பண்ணியது, எது கெடுத்தது என்று தெரியாது. பின்பக்கத்தை ரொம்ப ஏற்றிவிடவும் வேண்டாம். பைக் சட்சட்டென்று திரும்பும், ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால், ஹைவேயில் ஸ்பீடு எடுக்கும்போது ஹேண்டில் நடுங்க ஆரம்பிக்கலாம்.

ஃபோர்க்கில் அட்ஜஸ்டரே இல்லாதவர்கள், கெட்டியான ஃபோர்க் ஆயில் ஊற்றி டேம்பிங்கைக் கூட்டலாம். ஆயில் அளவு கொஞ்சம் மாறினாலும் ஃபோர்க்கின் குணமே மாறும் என்பதால், இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். கேஸ் நிரப்பிய பின்பக்க ஷாக்கை வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே அவ்வளவு பிரஷர்.

பின்னால் ஆள் ஏறினால்?

இரவில் இருவராகப் போகும்போது, நீங்கள் டிம்மில் வந்தும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துத் திட்டுகிறார்களா? பின்பக்கம் அமுங்கி, உங்கள் ஹெட்லைட் அவர்கள் கண்ணுக்கு நேராகப் போகிறது. ப்ரீலோடை ஏற்றுங்கள். தனியாகக் கிளம்பும் முன் மறக்காமல் இறக்குங்கள். நான் அடிக்கடி மறப்பேன் என்பதால், சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதியே வைத்துவிட்டேன்: தனியா 4, ஆளோட 5.