எளிய மணமும் மணச் செலவும்

தமிழர் திருமணம் பற்றி நூல்களும் கட்டுரைகளும் பல எழுந்துள்ளன. தாலி பண்டு உண்டா இல்லையா, எரிவலம் வருதல் எக்காலத்துப் புகுந்தது, நாளும் கோளும் பார்த்தல் யாருடைய வழக்கம் என்னும் வினாக்கள் அவற்றுள் பலகாலும் ஆராயப்பட்டுள்ளன. மணத்துக்கு ஆகிய செலவு யாது, அதனைத் தாங்கியவர் யாவர் என்னும் வினா அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது. ‘பழந்தமிழர் மணம் எளியது, பிற்காலத்தார் மணம் ஆரவாரம் மிக்கது’ என்னும் தொடர் மட்டும் மேடைதோறும் ஒலிக்கிறது. யாமும் வகுப்பறையில் அதனைப் பன்முறை கூறியுள்ளோம். சான்றுகளை மீண்டும் நோக்கியபோது அத்தொடரை அவ்வாறே கொள்ளுதல் இயலாதென அறிந்தோம். ஆதலின் இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் அகநானூற்றின் இரு பாட்டுக்களைக் காண்போம். நல்லாவூர் கிழார் பாடிய எண்பத்தாறாம் பாட்டும், விற்றூற்று மூதெயினனார் பாடிய நூற்று முப்பத்தாறாம் பாட்டும் மணநிகழ்ச்சியை விளக்கமாகக் கூறுவன. முன்னதில் உழுந்து கூட்டிச் சமைத்த களியும் சோற்றுக் குவியலும் பேசப்படுகின்றன. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தலும், அதன்கீழ்க் கொணர்ந்து பரப்பிய மணலும், மனைவிளக்கும், மாலைகளும் பேசப்படுகின்றன. இருள் நீங்கும் வைகறையில், திங்கள் நல்ல நாளொடு கூடிய பொழுதில், முதுபெண்டிர் தலையிற் குடமும் கையிற் புதிய அகன்ற கலங்களும் ஏந்தி வருகின்றனர். மகப்பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை வாழ்த்தி, பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிகின்றனர். மணம் அவ்வளவில் முடிகின்றது. வேள்வித் தீயும் இல்லை, மறையோதுவாரும் இல்லை. பின்னதில் இறைச்சியொடு கூடிய நெய்ச்சோறு விருந்தினர்க்கு வரையாது அளிக்கப்படுகின்றது, புள் நிமித்தம் பார்க்கப்படுகின்றது, வெண்ணூல் சூட்டப்படுகின்றது.

இவற்றைக் கண்டு ‘எளிய மணம்’ என்பர். எதனால் எளிது என்று வினவுதல் வேண்டும். சோறு மலைபோற் குவிந்து கிடக்கின்றது, பந்தல் பெரிது, நெய்யும் இறைச்சியும் அளவின்றி வழங்கப்படுகின்றன. ஓர் உழவர் குடிக்கு இது சிறுசெலவு ஆகாது. ஆயின் அப்பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்குக. உழுந்து தன் கொல்லையில் விளைந்தது, நெல் தன் குதிரில் இருந்தது, மணல் ஆற்றில் உள்ளது, பூ காட்டிலும் வேலியிலும் பூத்தது, நீர் ஊர்க்கிணற்றது. குடம் சுமந்த முதுபெண்டிரும் நீர் சொரிந்த நால்வரும் உற்றார். கூலி பெறுவார் அல்லர். இப்பாட்டுக்களில் விலைகொடுத்து வாங்கியதாகக் கூறப்படும் பொருள் ஒன்றேனும் இல்லை. மணம் எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம் செலவு குறைந்தமை அன்று; செலவு அனைத்தும் மனைக்கும் ஊர்க்கும் உள்ளேயே சுழன்றமை என்பது எம் கருத்து. புலவர் கூறாது விட்டவையும் இருக்கலாமே எனின், இருக்கலாம். எனினும் இரு புலவரும் தாம் சிறப்பெனக் கருதி எடுத்து மொழிந்தவை இவையே என்பது நினைக்கத்தகும்.

தொல்காப்பியக் கற்பியல், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்று கூறும். அங்ஙனமாயின் கரணத்தின் பயன் சான்றாதல்; ஊரறிய நிகழ்ந்தது என்பதை நிலைநாட்டுதல். சான்றுக்கு வேண்டுவன மக்களே அன்றிப் பொருள் அன்று. விருந்துகூட அம்மக்களை வருவிக்கும் வாயிலாகவே முதற்கண் அமைந்தது போலும்.

சிலப்பதிகாரத்து மணம் வேறு வகையது. கோவலனும் கண்ணகியும் புகார் நகரப் பெருவணிகர் மக்கள். மகளிர் யானைமீது ஏறி நகரெங்கும் மணச்செய்தி அறிவிக்கின்றனர்; வயிரத் தூண்களும் நீல விதானமும் முத்துப்பந்தரும் அமைகின்றன; முதிய பார்ப்பனன் மறைவழி காட்டத் தீவலம் நிகழ்கின்றது. அகநானூற்று மணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காலவேறுபாடாக மட்டும் கொள்வோர் பலர். இருவேறு குடியினர் வேறுபாடு அதிற் பெரும்பங்கு வகிக்கின்றது என்பதை அவர் மறந்தனர். முன்னது ஊரகத்து மனை. பின்னது கடல்வாணிகத்தால் வளம் பெற்ற மாடம். புகாரிலும் உப்பு விற்போர் வீட்டு மணத்தில் வயிரத்தூண் நின்றிராது.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியிற் பாடிய கனவு மணத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். யானை ஆயிரம் சூழ நம்பி வருகின்றான், தோரணம் நாட்டப்படுகின்றது. கனவாதலின் செலவுக்குக் கணக்கு இல்லை. ஆயின் அப்பதிகத்தில் மணச்சடங்காகக் கூறப்படுவன யாவை? கைப்பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரி இடுதல். பொரியும் அம்மியும் எவ்வீட்டிலும் உள்ளனவே. வைதிகச் சடங்கு புகுந்தமையால்தான் மணம் செலவு மிக்கதாயிற்று என்பாரும் உளர். அக்கூற்றில் ஒரு பகுதியே உண்மை. சடங்குக்கு வேண்டிய பொருள் சிறிது. செலவு பெருகியது சடங்கைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்வலத்தாலும், பல நாள் விருந்தாலும், அணிகலத்தாலும், வரிசைப் பொருள்களாலுமே ஆம்.

இனி இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத சான்று ஒன்றை விரிவாக நோக்குவோம். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் வழித்துணைநாதர் திருக்கோயிற் கல்வெட்டு அது. விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தது. சகம் 1347 என்னும் ஆண்டு குறிக்கப்பெற்றது. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதியில் வெளியாகியுள்ளது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர் ஒருங்கு கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டை அது கூறும். கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் எனப் பல பிரிவினரும் அதற்கு உடன்பட்டனர். இனித் தம்முள் மணம் கன்னியாதானமாகவே நிகழ்தல் வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தவரும், பொன் கொடுத்து மணந்தவரும் அரச தண்டத்துக்கு உட்படுவர், பிராமணியத்துக்கும் புறம்பாவர் என்பது அதன் சாரம். பலர் கையெழுத்தும் தொடர்ந்து பொறிக்கப்பட்டுள்ளன.

இக்கல்வெட்டை வரதட்சணைக்கு எதிரான பழைய சட்டம் என்று எடுத்துக்காட்டுவதை யாம் பலகால் கேட்டுள்ளோம். அது பிழை. சொற்களைச் சற்றே கூர்ந்து நோக்குக. பொன்னை வாங்குபவர் பெண்ணைக் கொடுப்பவர். பொன்னைக் கொடுப்பவர் பெண்ணை மணப்பவர். அஃதாவது, தடைசெய்யப்பட்டது மணமகன் வீட்டார் பெண் வீட்டார்க்கு அளித்த பொன். பரியம் அல்லது பரிசம் என்று பிற்காலத்தில் வழங்கியதற்கு இனமானது. மகன்வீட்டார் பெறும் பொன்னைப் பற்றி இவ்வுடன்பாடு ஒன்றும் கூறவில்லை.

இவ்வேறுபாடு சிறிது அன்று. பெண்ணுக்குப் பொன் பெறும் வழக்கம் தடுக்கத்தக்க அளவுக்குப் பரவியிருந்தது என்பது இதனாற் புலப்படும். நிகழாததை யாரும் தண்டம் வகுத்து விலக்கார். அவ்வழக்கத்தில் மணச்சுமை ஆண்வீட்டார் தோளில் இருந்தது. கன்னியாதானமோ பெண்ணை அணிசெய்து கொடையாக அளிப்பது. கொடைக்கு எதிர்ப்பொருள் பெறலாகாது. பெறுவோர்க்குத் தக்கணையும் உடன் தரல் வேண்டும். ஆகவே ஒருபாற் செல்லும் பொன்னை நிறுத்திய விதி, சுமையை மறுபாற் சாய்ப்பதற்கு வழிவகுத்தது என்று ஊகிக்கலாம். உடன்பட்ட பெரியோர் அதனை எண்ணிச் செய்தனர் என்று யாம் கூறவில்லை. ஒழுக்கம் பேணும் நோக்கமே அவர்க்கு இருந்திருத்தல் கூடும். ஆயினும் விலைக்குக் கொள்ளப்பட்ட பெண்ணின் இழிநிலையை நீக்க எழுந்த விதியே, பெண்ணைப் பெற்றோன் கடன்படும் நிலைக்கும் துணைநின்றது எனின் அது வருந்தத்தக்கதே. பரியம் இழிவு, சீதனம் பெருமை என்னும் எண்ணம் பிற குடியினரிடையேயும் நாளடைவிற் படர்ந்தது. பரியம் போட்டு மணந்த குடிகள் பல, செல்வம் சிறிது வந்தவுடன் சீதனத்துக்கு மாறியதை இருபதாம் நூற்றாண்டிற் கண்கூடாகக் காண்கின்றோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அது எத்துணைப் பயன் தந்தது என்பதை ஈண்டு விரித்தல் வேண்டா.

செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. அது மொய். இச்சொற்கு நெருங்குதல், கூட்டம் என்னும் பொருள்கள் உள. சுற்றம் நெருங்கி நின்று கொடுப்பது மொய் ஆயிற்றுப் போலும். மணப்பந்தலில் ஒருவர் ஏட்டைத் திறந்து அமர்வார். கொடுப்போர் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை எழுதுவார். பெற்றவர் அதனை மறவாது, கொடுத்தவர் வீட்டு மணத்தில் சிறிது கூட்டித் திருப்பிச் செய்வார். வட்டியும் ஈடும் இல்லாத கடன் என்றும் கூறலாம். ஊர் கூடி வைத்த சேமிப்பு என்றும் கூறலாம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் மணமின்றியே ஆடித் திங்களில் மொய்விருந்து நடத்தும் வழக்கமும் வளர்ந்துள்ளது. மொய் வறியவனைத் தாங்குவது உண்மை. திருப்பிச் செய்ய இயலாதவன் பந்தலுக்குள் நுழையக் கூசுவதும் உண்மையே. அகநானூற்று முதுபெண்டிர் குடம் சுமந்த உதவி ஏட்டில் ஏறியதன்று. இவ்வுதவி எண்ணாக எழுதப்படுகின்றது. பழைய மொய்யேடுகளை ஆய்வு மாணவர் தொகுத்தல் வேண்டும். ஓர் ஊரின் உறவும் விலைவாசியும் கைப்பொருளும் அவற்றில் உள்ளவாறு வேறெங்கும் இரா. அவை மணம் முடிந்து சில தலைமுறையில் கறையானுக்கு இரையாகின்றன.

மணச் செலவைக் கொள்கையாகவே எதிர்த்த இயக்கம் சுயமரியாதை இயக்கம். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தினார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய மாநாட்டின் பின்னர் இம்மணங்கள் பெருகின. புரோகிதரை நீக்குதலே இதன் நோக்கம் எனப் பலர் எண்ணுவர். ஒரு நாளைக்கு மேல் நீளாமை, வீண் விருந்தும் வரிசையும் கூடாமை, கடன்பட்டு மணம் செய்யாமை ஆகியனவும் பெரியார் இடைவிடாது வற்புறுத்தியவை. இவை சடங்குகளோடு நேரே தொடர்பற்றவை என்பது மேலே யாம் கூறியதோடு பொருந்தும். பின்னாளில் இம்மணங்களுள்ளும் பெரும்பந்தலும் பேச்சாளர் வரிசையும் புகுந்தன. சொற்பொழிவு நீண்டு விருந்து ஆறிய மணங்களை யாமும் கண்டுள்ளோம்.

எளிய மணத்துக்கு வேறோர் இடர் இருந்தது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், சடங்கின்றி நிகழ்ந்த இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. குறைந்த செலவில் மணந்தோர், தம் மக்களின் உரிமையையே இழக்க நேரும் நிலை உண்டாயிற்று. 1967இல் அண்ணா அமைச்சரவை இந்துத் திருமணச் சட்டத்திற் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. 1968 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்னர் நிகழ்ந்த மணங்களும் செல்லுபடியாயின. உறவினரோ நண்பரோ பிறரோ உடனிருக்க, இருவர்க்கும் விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றதாகக் கூறினாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் நிறைவுறும். ஊரறியப் பெருங்கூட்டம் கூடுதல் இதற்கு வேண்டுவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. இப்பிரிவின்படி நோக்கின், நல்லாவூர் கிழார் பாடிய மணத்தில் மாலையோ மோதிரமோ மாற்றியதாகக் குறிப்பு இல்லை. ஆயின் சான்றுக்கு அந்நான்கு மகளிரே போதியவர்.