கடல் வெப்பமும் மூலதனமும்: பெருவின் மீன்பிடி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

காலநிலை மாற்றம் கடல் மீன்பிடித் தொழிலை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா பெரும்பாலும் இயற்கை விஞ்ஞானிகளுக்கே உரியதாகக் கருதப்பட்டு வருகின்றது. கடல்நீரின் வெப்பநிலை, அதிற் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவு, மீன்களின் இடப்பெயர்ச்சி ஆகியன அளக்கப்படுகின்றன. இவ்வளவீடுகள் இன்றியமையாதவை, ஆயின் அவை மாத்திரம் போதா. கடல் வெப்பமடைய மீன் குறைகின்றது என்பது இயற்கை பற்றிய உண்மை. அக்குறைவின் சுமையை எந்த வர்க்கம் தாங்குகின்றது என்பது சமூகம் பற்றிய உண்மை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை விளங்கிக்கொள்ளத் தென்னமெரிக்க நாடான பெருவின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

பெருவின் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் செல்கின்றது. காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பாலே தள்ள, ஆழத்திலுள்ள போசணை மிக்க குளிர்நீர் மேலெழுகின்றது. அந்நீரிற் பெருகும் நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது நெத்தலிக் குடும்பத்தைச் சேர்ந்த அஞ்சோவெற்றா என்னும் சிறுமீன். உலகக் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இப்பகுதி, உலக மீன்பிடியிற் பத்தில் ஒரு பங்கு வரை வழங்கியுள்ளது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காற்றுத் தளர்வதால் வெப்பநீர் கரையை மூடுகின்றது. மேலெழும் நீரின் வளம் குன்ற, மீனின் உணவும் அருகுகின்றது. நத்தார்க் காலத்தை ஒட்டித் தோன்றும் வெப்ப நீரோட்டத்தைப் பைத்தாத் துறைமுகத்து மாலுமிகள் குழந்தை இயேசுவின் பெயரால் ‘எல் நினோ’ என வழங்கினர் என்பதனை 1892 இற் கடற்படை அதிகாரி கமிலோ கரில்லோ எடுத்துரைத்தார். உழைப்பாளரின் அனுபவ அறிவே விஞ்ஞானத்தின் கலைச்சொல்லாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இக்கடலின் வளம் முதலில் உலகச் சந்தைக்குச் சென்றது மீனாக அன்று, எச்சமாகவே. அஞ்சோவெற்றாவை உண்ணும் கடற்பறவைகளின் எச்சமாகிய குவானோ, 1840கள் முதல் 1870கள் வரை ஐரோப்பிய வயல்களுக்கு உரமாக ஏற்றுமதியாயிற்று. சிஞ்சாத் தீவுகளில் அதனை வெட்டியெடுத்தோருட் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்ட சீனர். குவானோவும் வெடியுப்பும் பெருவின் பொருளாதாரத்தைப் பிரித்தானிய மூலதனத்துடன் பிணைத்தமையை, பெருவின் மார்க்சிய சிந்தனையாளரான ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி 1928 இல் வெளியிட்ட ஏழு கட்டுரைகளடங்கிய நூலில் ஆராய்ந்துள்ளார்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பறவைக்குப் பதிலாகப் பொறி வந்தது. கலிபோர்ணியாவின் சாடின் மீன்பிடி வீழ்ச்சியுற, அங்கு வேலையிழந்த இயந்திரங்கள் மலிவு விலையிற் பெருவுக்கு வந்து சேர்ந்தன. நைலோன் வலையும் பெருகிய படகுகளும் துணைசெய்ய, அஞ்சோவெற்றா மீன்மாவாக அரைக்கப்பட்டு, வட அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணைகளிற் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாயிற்று. 1960களில் நிறையளவில் உலகின் முதன்மை மீன்பிடி நாடாகப் பெரு விளங்கியது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 95 இலட்சம் தொன்னுக்கு மேற் பிடித்தல் ஆகாது என அறிஞர் குழுவொன்று 1970 இல் ஆலோசனை கூறியது; அவ்வாண்டிலேயே 120 இலட்சம் தொன்னுக்கு மேற் பிடிக்கப்பட்டது. கடன் வாங்கிக் கட்டிய ஆலைகள் ஓய்ந்திருத்தல் இயலாது என்பதே அதன் தருக்கம்.

இந்நிலையிலே 1972 இல் எல் நினோ வந்தது. தொடக்கத்தில் மீன் குறைந்ததாகத் தோன்றவில்லை. எஞ்சிய குளிர்நீரை நாடி மீன்கள் கரையருகே நெருங்கித் திரண்டமையால், அவ்வாண்டின் முதல் மாதங்களிற் படகுகள் நிறைந்து வந்தன. நெருக்கடியே செழிப்பின் தோற்றத்தில் வந்தது எனலாம். புதிய குஞ்சுகள் போதிய அளவு பெருகாத ஆண்டில் முதிர்ந்த மீன்களும் வாரப்பட்டன. 1973 இற் பெருவின் அஞ்சோவெற்றாப் பிடி 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே வீழ்ந்தது. உலகிற் புரதத் தீவனம் அருகிற்று. சோயா விலை உயர்ந்தது. 1973 ஜூனில் ஐக்கிய அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது.

1973 மே மாதத்தில் ஜெனரல் வெலாஸ்கோவின் இராணுவ அரசு இத்தொழிலைத் தேசியமயமாக்கிப் ‘பெஸ்கா பெரு’ என்னும் நிறுவனத்தை அமைத்தது. இதனைச் சமவுடைமை நடவடிக்கையாகக் கொள்ளுதல் மேலோட்டமான பார்வையாகும். இலாபம் தனியாருடையதாக இருந்த காலம் முடிந்து, கடனும் வெறுங்கடலும் எஞ்சிய வேளையிலே தொழில் பொதுவுடைமையாயிற்று. 1976 இற் படகுகள் மீண்டும் தனியாரிடம் சென்றன.

இம்மாற்றங்களின் மனித முகத்தைப் புள்ளிவிபரங்களிற் காணமுடியாது. அந்தீசு மலைகளிலிருந்து இறங்கிய கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள் திரண்டமையாற் சிற்றூரான சிம்போத்தே பெருந்துறைமுகமாகியது. ஹொசே மரியா ஆர்கெடாசின் இறுதி நாவலுக்குக் களம் அந்நகரமே. 1969 இல் அவர் தற்கொலை செய்துகொண்டமையால் முற்றுப்பெறாது நின்ற அந்நாவல் 1971 இல் வெளிவந்தது. நிலத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிடுங்கப்பட்ட மக்களின் சிதைவை, கடல் வெப்பமடையுமுன்னரே இலக்கியம் கண்டுகொண்டது.

எல்லாவற்றுக்கும் மூலதனமே காரணம் என வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடலடிப் படிவுகளிற் காணப்படும் மீன்செதில்கள், தொழில்முறை மீன்பிடிக்கு நெடுங்காலம் முன்னரும் அஞ்சோவெற்றாவின் தொகை ஏறியிறங்கியமையைக் காட்டுகின்றன. இயற்கையின் இயக்கத்தை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது. ஆயின் மூலதனம் செய்தது யாது? ஏறியிறங்கும் இயற்கைக்கு என்றும் ஏறுமுகமான உற்பத்தியை விதித்தது. தாழ்வைத் தாங்குவதற்கு இருந்த இடைவெளியை இலாபமாக மாற்றியது.

இன்று அவ்விடைவெளி முன்னெப்போதிலும் அவசியமாகின்றது. புவி வெப்பமாதலின் மேலதிக வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேற் கடலே ஏற்றுள்ளது. ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முந்திய வெப்பகாலப் படிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒட்சிசன் குறைந்த அக்காலப் பெருக் கடலில் அஞ்சோவெற்றாவுக்குப் பதிலாக அதனினும் சிறிய மீனினங்களே மிகுந்திருந்தன எனக் காட்டியது. கடந்தகாலம் ஈண்டு எதிர்காலத்துக்கான எச்சரிக்கையாகின்றது.

1972 இலிருந்து எதுவும் கற்கப்படவில்லை என்பதும் சரியன்று. 2009 முதற் படகு ஒவ்வொன்றுக்கும் பிடியளவு வகுக்கப்பட்டது. 2023 இல் எல் நினோவின்போது இளமீன்கள் மிகுந்திருந்தமையால் வட-மத்தியக் கடலின் முதற் பருவ மீன்பிடியை அரசு முற்றாக நிறுத்தியது. 2024 இல் மீன்பிடி மீண்டும் நடைபெற்றது. கடலைக் காக்கும் அறிவு உண்டு என்பதற்கு இது சான்று. ஆயின் பிடியளவின் பெரும்பகுதி சில பெரிய நிறுவனங்களின் கையிலேயே உள்ளது. பருவம் இரத்தாகும்போது அவை அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வல்லன. பிடித்த மீனின் அளவுக்கேற்பக் கூலி பெறும் படகுத் தொழிலாளிக்குக் காத்திருத்தல் என்பது பட்டினியாகும். மீனுக்கு ஓய்வு வழங்கக் கற்ற சமூகம், அவ்வோய்வின் விலையை யார் செலுத்துவது என்னும் வினாவுக்கு இன்னும் நீதியான விடை காணவில்லை. காலநிலை மாற்றத்தின் காலத்தில் மீன்பிடி பற்றிய எந்த ஆய்வும் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.