இலண்டன் மைதானங்களில் இலங்கைத் தமிழர்: கிரிக்கெட்டும் தேசிய அடையாளமும் (1975–2011)

ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி ஓர் அணி களமிறங்கும்போது, அந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் தானே பிரதிநிதி என்னும் உரிமைக் கூற்றும் உடன் எழுகிறது. இலங்கைத் தமிழர் அக்கூற்றை எதிர்கொண்ட முறையை இலண்டனின் இரு மைதானங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழர் கிரிக்கெட்டுக்குப் புறம்பானவர் அல்லர். கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் 1899இல் தோன்றியது. 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணியை எதிர்த்தாடிய இலங்கை அணிக்கு மகாதேவன் சதாசிவம் தலைமை தாங்கினார். 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியதும் தமிழ் யூனியனின் மைதானத்திலேயே. எனவே இலண்டனில் எழுந்த எதிர்ப்பை விளையாட்டின் மீதான வெறுப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 'சிலோன்' என்ற பெயரை நீக்கி 'ஸ்ரீலங்கா' என்பதை நிறுவியது. சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிசெய்து பௌத்தத்திற்கு முதன்மையிடம் அளித்தது. அப்பெயருடன் முதல் உலகக்கோப்பையில் பங்கேற்ற அணி, 1975 ஜூன் 11 அன்று ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. அன்று தமிழ் எதிர்ப்பாளர்கள் களத்தினுள் புகுந்தனர். 1983 ஜூலை வன்முறை நிகழ்ந்து ஓராண்டு கழிந்த நிலையில், 1984 ஆகஸ்டில் இலங்கை இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸில் ஆடியது. சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் குவித்த அவ்வாட்டமும் தமிழரின் எதிர்ப்பால் இடையில் தடைபட்டது.

புலம்பெயர்ந்தோர் எந்த அணியை ஆதரிக்கின்றனர் என்பதே அவர்தம் பற்றுறுதியின் அளவுகோல் என்னும் கருத்தை 1990இல் பிரித்தானிய அரசியலாளர் நார்மன் டெபிட் முன்வைத்தார். தாய்நாடு, புகுந்த நாடு என்னும் இரண்டே விடைகளை அவ்வளவுகோல் அறியும். தாய்நாட்டு அணியின் பிரதிநிதித்துவத்தையே ஐயுற்ற தமிழ் ஏதிலிக்கு அதில் இடமில்லை.

1998 ஆகஸ்டில் அதே ஓவல் மைதானத்தில் முத்தையா முரளிதரன் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்தில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். ஒருவரின் சாதனை அவர் சமூகத்தின் உரிமைக் கோரிக்கைக்கு விடையாகிவிடாது. ஆயினும் தமிழர் நிலைப்பாடு ஒற்றைத் தன்மையுடையதன்று என்பதை அது காட்டுகிறது.

2011 ஜூலை 4 அன்று லார்ட்ஸில் உரையாற்றிய குமார் சங்கக்கார, 1983இல் கண்டியிலிருந்த தம் இல்லத்தில் தமிழர்க்குப் பெற்றோர் அடைக்கலம் அளித்ததை நினைவுகூர்ந்தார். 1984இல் எதிர்ப்பாளர் களத்தில் இறங்கி உணர்த்த முயன்ற கொடுமை, 27 ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் சிங்கள வீரர் ஒருவரின் வாய்மொழியாக ஒலித்தது.

எதிர்ப்பு வெறுப்பன்று, பங்கேற்பு ஒப்புதலுமன்று. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போதே புலம்பெயர் தமிழரின் அடையாள வரலாறு முழுமை பெறும்.