வேகமா, மெதுவா? பாலாற்று மண்ணில் ஒரு பரிணாமக் கணக்கு

இன்னைக்கு ஒரு பழைய சண்டையைப் பற்றிப் பேசப்போறோம். உயிரினங்கள் சிறுகச் சிறுக மாறுகின்றனவா? இல்லை, நீண்ட காலம் அப்படியே இருந்துவிட்டுத் திடீரென மாறுகின்றனவா? சண்டை நடந்தது லண்டனிலும் நியூயார்க்கிலும். ஆனால் அதற்கு ஒரு நல்ல சாட்சி எங்க ஊர்ப் பக்கமே இருக்கு: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மண்ணில்.

1859 நவம்பர் 24. டார்வினின் புத்தகம் வெளியாகிறது. அதற்கு முந்தைய நாள் அவருடைய நண்பர் ஹக்ஸ்லி ஒரு கடிதம் எழுதுகிறார். பாராட்டு நிறைய இருக்கு, கூடவே ஒரு எச்சரிக்கையும். இயற்கை ஒருபோதும் தாவாது என்ற கொள்கையை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, தேவையில்லாத சுமையை ஏன் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்பது அதன் சாரம். படிப்படியான மாற்றம் பாறைகளில் தெரியலையே என்று கேட்டவர்களுக்கு டார்வின் சொன்ன பதில், பாறைப் பதிவே அரைகுறையானது என்பதுதான். நடுவில் பல பக்கங்கள் இல்லாத புத்தகம் மாதிரி.

இந்தப் பதில் நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1972இல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற இரண்டு இளம் அமெரிக்கர்கள் வேறு மாதிரி கேட்டாங்க. எல்ட்ரெட்ஜ் ட்ரைலோபைட்டுகளைப் பார்த்தவர். கூல்ட் பெர்முடா நத்தைகளைப் பார்த்தவர். பெரும்பாலான இனங்கள் லட்சக்கணக்கான வருஷம் பெரிதாக மாறாமலே இருக்கின்றன. மாற்றம் வரும்போது சிறிய கூட்டங்களில், குறுகிய காலத்தில் வருகிறது என்றார்கள். அதாவது, பதிவில் தெரியும் இடைவெளியைக் குறை என்று மட்டும் ஒதுக்காதீங்க, அதுவே ஒரு தகவல்தான்.

இங்கேதான் பலர் வழுக்கி விழறாங்க. கூல்ட் சொன்ன ‘திடீர்’ ஒரே ராத்திரியில் நடப்பது இல்லை. அது பாறையின் கணக்கில் திடீர். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களைப் பார்த்தவங்களுக்கு இது எளிதாகப் புரியும். அது டைனோசர் காலத்துக் கடலடி. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரிகள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட பாறையில் விரல்கடை அகலமுள்ள ஓர் அடுக்கே ஆயிரக்கணக்கான வருஷங்களை அடக்கிவைத்திருக்கலாம். பத்தாயிரக்கணக்கான வருஷங்களில் நடந்த மாற்றம்கூட அங்கே ஒரு கோடாகத்தான் தெரியும்.

அப்போ வேகத்தை எப்படி அளப்பது? பின்னாளில் இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன், 1949இல் இதற்கு ‘டார்வின்’ என்றே ஓர் அலகு கொடுத்தார். ஒரு உறுப்பின் அளவு பத்து லட்சம் வருஷத்தில் சுமார் 2.7 மடங்கு மாறினால் அது ஒரு டார்வின். 1983இல் ஃபிலிப் ஜிஞ்சரிச் இப்படி அளக்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட வேகங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அளந்த கால இடைவெளி கூடக்கூட, வேகம் குறைந்துகொண்டே போச்சு. குறுகிய காலத்தில் உயிர்கள் முன்னும் பின்னுமாக ஆடுகின்றன. நீண்ட சராசரியில் அந்த ஆட்டம் கரைந்துபோகிறது. நம்ம சாஃப்ட்வேர் மொழியில் சொன்னால், கமிட் வரலாற்றில் தினமும் அடிதடி. வருஷத்துக்கு ஒரு ரிலீஸை மட்டும் பார்ப்பவருக்கு நாலே நாலு மாற்றம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கே தோல் தொழில் பழசு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட அரைகுறைத் தோல்தான் அதிகம் ஏற்றுமதியானது. 1972இல் சீதாராமய்யா குழு, முழுமையாகத் தயாரித்த தோலும் தோல்பொருளுமே வெளியே போக வேண்டும் என்ற திசையில் பரிந்துரைத்தது. அரசு கொள்கையை மாற்றியது. டேனரிகளில் குரோமியம் பெருகியது. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்ட பிறகும், லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. ஆக, இந்த மண்ணின் குரோமியக் கதைக்கு வயது சுமார் 50 வருஷம். பாறைக் கணக்கில் அது பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்குள் என்ன நடந்தது? குரோமியத்தின் விஷ வடிவமான குரோமேட், பார்க்கச் சல்ஃபேட் மாதிரி இருக்கும். சல்ஃபேட் நுழையும் வாசல் வழியாகவே பாக்டீரியாவுக்குள் புகுந்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்களிடம் அதை வெளியே தள்ளும் ஒரு புரத பம்ப் இருக்கு. டேனரிக் கழிவு கலந்த மண்ணிலிருந்து குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் பலமுறை பிரித்தெடுத்திருக்காங்க, வேலூர் வட்டாரத்திலும்தான்.

50 வருஷத்தில் ஒரு பம்ப் புதிதாக உருவாகிவிட்டதா? இல்லை. எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாக்கள் ஆபத்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருக்கும் என்று 1943இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் காட்டினார்கள். அந்தத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தாவும் என்பது 1959இல் ஜப்பானில் தெரியவந்தது. 2011இல் கனடாவின் 30,000 வருஷ உறைமண்ணில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. கருவி பழசு, மெதுவாகச் செய்தது. பரவியது மட்டும்தான் புதுசு, வேகமானது. யாரோ எப்போதோ எழுதிய கோடை ஒரே நாளில் காப்பி பேஸ்ட் செய்வது போல. ஆக, ‘வேகமா மெதுவா’ என்ற கேள்விக்கு இங்கே இரண்டுமே பதில்.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன்னா, ‘மண்ணு தானா பழகிக்கும், இயற்கை சமாளிச்சுக்கும்’ என்ற பேச்சு இந்தப் பக்கம் சாதாரணமாகக் காதில் விழும். பழகிக்கொண்டது யார்? ஆய்வகத்தில் நல்ல சத்து கிடைத்தால் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். ஒரு நாளைக்கு 72 தலைமுறை. மனிதத் தலைமுறையை 25 வருஷம் என்று வைத்தால், 72 தலைமுறைக்கு 1,800 வருஷம் வேணும். காய்க்கவே வருஷக்கணக்கில் காத்திருக்க வைக்கும் தென்னைக்கும் அந்த அவகாசம் கிடையாது. பாக்டீரியாவைப் போல அக்கம்பக்கத்தில் மரபணுவைக் கடன் வாங்கும் வசதியும் நமக்கு இல்லை.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அதே மண்ணில்தான் பாக்டீரியா தாங்கி நிற்கிறது. அதில் சில வகைகள் விஷ குரோமியத்தை விஷம் குறைந்த வடிவமாக மாற்றும். சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்தலாம் என்ற முயற்சிகள் நல்லதுதான். ஆனால் வடிவம் மாறினாலும் குரோமியம் மண்ணைவிட்டுப் போய்விடாது. இன்னொரு சிக்கலும் இருக்கு: உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவும் சில நேரம் ஒரே பொட்டலமாகத் தாவும்.

அதனால், அடுத்த முறை யாராவது இயற்கை பழகிக்கும்னு சொன்னா, எந்த உயிர், எத்தனை தலைமுறையில்னு கேளுங்க. கிணற்றுத் தண்ணியை நம்பி இருக்கிறவங்களுக்குப் பரிணாமம் வந்து சேராது. சுத்திகரிப்பு நிலையம்தான் வரணும்.