தண்டவாளம் தாங்கிய சுவர்

எங்கள் ஊரான நீர்வேலிக்குக் கோச்சி, அதாவது ரயில், ஒருநாளும் வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் வடக்கே திரும்பிய பாதை கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று மேற்குப் பக்கமாகவே காங்கேசன்துறைக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தவை பருத்தித்துறை வீதியும் மாட்டு வண்டிலும்தான். ஆனாலும் இந்த ஊரிலே பழைய வீடு திருத்தப் போகிற மேசனுக்குக் கோச்சிப் பாதையின் வரலாறு கையில் தட்டுப்படாமல் விடாது.

இலங்கையில் முதல் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. வடக்குக்கு அது வர நாற்பது வருடம் பிடித்தது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது தெற்கோடு தொடர்பே இருக்கவில்லை. வன்னிக் காட்டை ஊடறுத்து வந்த பாதை 1905 ஆகஸ்டில்தான் முழுமையாகப் பொருந்தியது. அதுவரை குடாநாட்டுக்குள்ளேயே ஓடித் திரிந்த அந்த நீராவி இயந்திரங்கள் கடலால் அல்லாமல் வேறெந்த வழியால் வந்திறங்கியிருக்கும்? ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில் ஓடும் இரும்பு உருவத்தைத் துறையில் இறக்கிய காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

என் பேரனார் கல்லும் சுண்ணாம்பும் அறிந்த மேசன். கோச்சி என்றால் அவருக்கு உயிர். சைக்கிள் பாரில் என்னை இருத்திக் கோண்டாவில் ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். 1956 இல் யாழ்தேவி ரயில் வந்துவிட்டது. டீசல் இயந்திரங்கள் பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் நீராவி இயந்திரம் ஏதேனும் வருகிறதென்று தெரிந்தால் பேரனார் வேலையையே ஒத்திவைப்பார். வண்டி நின்றதும் ட்ரைவர் எண்ணெய்க் குவளையோடு இறங்குவார். அச்சுத் தாங்கிகளில் ஒவ்வொன்றாகப் புறங்கையை வைத்து வைத்து எடுப்பார். எங்கே சூடு கூடியிருக்கிறதோ அங்கே நோய் இருக்கிறது. “பாத்தியே மோனை, கையாலே கேக்கிறான்” என்பார் பேரனார். சுவருக்கும் அதே வைத்தியத்தைத்தான் அவர் செய்தார்.

இயந்திரத்துக்கும் எங்கள் சுவருக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு: சுண்ணாம்பு. நிலக்கரியை எரிக்கிற இயந்திரம் எடைக் கணக்கில் அதைப்போல ஆறேழு மடங்கு தண்ணீர் குடிக்கும். வற்றாத ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் தண்ணீர் என்றால் கிணற்று நீர். அது சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அப்படியான நீர் கொதித்தால் கொதிகலனின் குழாய்களில் வெள்ளையாய்ப் படியும். படிவு தடித்தால் சூடு நீருக்கு ஏறாது, குழாய் கெட்டுப்போகும். இயந்திரத்துக்கு நஞ்சான அதே கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துத்தான் நூறு வருடம் நிற்கிற சுவர்களைக் கட்டினார்கள். 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுண்ணாம்புச் சுவரின் குணம் அறிந்த கைகளும் குறைந்தன. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தச் சுவர்களுக்கு இரண்டு முகமும் ஒழுங்கான கல். நடுவில் சிறுகல்லும் காரையும். கூரை இருக்கும்வரை அசையாது. கூரை போய் மழை நடுவில் இறங்கினால் வயிறு தள்ளும். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது ஓடும் வளையும் போன வீடுகளில் சுவர் மட்டும் மாரி மழைக்கு நின்றிருந்தது. அவற்றில் எத்தனையோ சுவர்களை வீணாக இடித்தோம். வெடித்த சுவரெல்லாம் விழப்போகிற சுவரல்ல. வெடிப்பின் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பின் நாள்தோறும் பார்க்க வேண்டும். பொட்டுப் பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பிளக்காவிட்டால் நிதானமாகத் திருத்தலாம்.

நகர்கிற சுவருக்கு உதை கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் குலை தள்ளிய வாழைக்குத் தடி ஊன்றுவதைப் போன்றதுதான் அது: நிமிர்த்தப் பார்த்தால் முறியும், சாய்ந்த நிலையிலேயே தாங்கினால் பிழைக்கும். சாய்வு உதை நிலத்தோடு 60 முதல் 70 பாகைக்குள் நிற்பது நல்லது. செம்மண் நனைந்தால் இளகும். ஆகவே அடியில் அகலமான பலகை. ஆப்பைச் சம்மட்டியால் ஓங்கி அறையாமல், இறுக்கம் கையில் தெரிகிற அளவுக்குத் தட்ட வேண்டும்.

1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கிளம்பிப் போய்ப் பாதுகாப்பு அரண்களிலும் பங்கர்களிலும் மூடியாகவும் முட்டாகவும் கிடந்தன. நீர்வேலி வீடுகளில் பங்கருக்குப் பெரும்பாலும் பனங்குத்திதான். கோடையில் செங்குத்தாக நின்ற செம்மண் கார்த்திகை மழையில் பாளம் பாளமாகச் சரியும். விசயம் தெரிந்தவர்கள் ஒடுக்கமாக வெட்டி, எதிரெதிர்ச் சுவர்களுக்குப் பலகை அணைத்து, இடையில் குறுக்குக்கட்டை இறுக்கினார்கள். சனம் உயிரோடு வெளியே வந்ததற்கு மேலே கிடந்த குத்தியைப் போலவே உள்ளே நின்ற அந்தக் கட்டைகளும் காரணம். அந்த வேலையைக் கட்டட வரலாற்றில் ஒருவரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

இப்போது நான் திருத்துகிற வீட்டில் விறாந்தை வாசலுக்கு மேலே குறுக்கே கிடப்பது ஒரு துண்டுத் தண்டவாளம். போருக்கு வெகுகாலம் முன்பே, கழித்த தண்டவாளத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தபோது அதன் இடைப்பகுதியில் உருக்கிலேயே எழும்பிய எழுத்துகள் தெரிந்தன. ஆண்டில் 19 மட்டும் மிச்சம், மற்றதைத் துரு தின்றுவிட்டது. எந்த இயந்திரமெல்லாம் இதன்மேல் ஓடியிருக்கும் என்று நெடுநேரம் தடவிக்கொண்டே நின்றேன்.

துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்து மேலே இருந்த கல்வரிசையைத் தூக்கிவிட்டது. மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு. வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து, இடித்துவிட்டுக் கொங்கிறீற் போடுவோமா என்று கேட்டார். வேண்டாமென்றேன். வாசலுக்கு மேலே சுவரில் துளையிட்டு, மரங்களைக் குறுக்கே ஊடுருவ விட்டு, இருபுறமும் தூண் நிறுத்தி, ஆப்பால் பாரத்தை வாங்கியிருக்கிறோம். தண்டவாளத்தை இறக்கித் துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசித் திரும்ப ஏற்றப்போகிறோம். துரு தின்ற பிறகும் தாங்கும் அளவுக்கு உருக்கு மிச்சமிருப்பதை அளந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புதுப் பாதையில் ரயில் திரும்பி வந்தது. நீராவி இயந்திரம் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளைக் கடுகண்ணாவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய தண்டவாளம் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். இருந்தால், முட்டுக் கொடுக்காமல் ஒருவரையும் அதில் கைவைக்க விடாதீர்கள். நான் திருத்துகிற இந்த வீட்டில் சுண்ணாம்புச் சாந்து காற்றை வாங்கி இறுக வாரக்கணக்காகும். அதுவரை தூண்களை எடுக்கச் சொல்லி ஆர் அவசரப்படுத்தினாலும் நான் எடுக்கப்போவதில்லை.